இரவு பத்து மணி மீட்டர்

பழைய பொதுக் கட்டடம் ஒன்றின் மின்செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் போய்ப் பார்ப்பது இரவில்தான். பத்து மணிக்கு மேல், எல்லாரும் வீட்டுக்குப் போய், வாசல் பூட்டி, காவலாளி மட்டும் இருக்கும் நேரத்தில். மீட்டர் அறையில் கால் மணி நேரம் நின்றால் போதும். ஆளே இல்லாத கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது கண்முன்னால் ஓடும்.

இந்தப் பழக்கம் வந்தது ஒரு நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தில். நான் வேலைக்குப் புதிது. மூன்று நாள் பகல் முழுவதும் அறை அறையாகச் சுற்றி, டியூப்லைட்டுகளை எண்ணி, மின்விசிறிகளை எண்ணி, ஏசிகளின் தகட்டில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு எழுதி, பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். கூட்டிப் பார்த்தால் மாத பில்லில் பாதிக்குத்தான் கணக்கு வந்தது. எண்ணிக்கையில் தவறு என்று நினைத்து இரண்டு மாடிகளை மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. கடைசியில் மெயின் போர்டில், மின்சாரம் இழுப்பதை நேரத்தோடு பதிந்து வரைபடமாகத் தரும் ஒரு கருவியை மாட்டி ஒரு வாரம் விட்டுவைத்தோம்.

அந்த வரைபடத்தை இன்னும் வைத்திருக்கிறேன். காலை ஒன்பதுக்கு மேடு ஏறுகிறது, மாலை ஐந்துக்கு இறங்குகிறது. இறங்கித் தரையைத் தொடும் என்று எதிர்பார்த்தேன். தொடவில்லை. பகல் உயரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் போய் நின்று, விடியும்வரை நேர்கோடாகக் கிடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே கோடு.

30 சதவீதம் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் இயங்கும் அலுவலகம் திறந்திருப்பது 40 மணி நேரம். மூடியிருப்பது 128 மணி நேரம். பகல் பளு 100 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், திறந்திருக்கும் நேரத்துக்கு 4,000 யூனிட். மூடியிருக்கும் நேரத்துக்கு 30 கிலோவாட் வீதம் 3,840 யூனிட். ஏறக்குறைய சரிபாதி. என் அட்டவணையில் காணாமல்போன பாதி அங்கேதான் இருந்தது.

அடுத்த நாள் இரவே போனோம். மாடிப்படியிலும் நடைகளிலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதை எதிர்பார்த்தேன். கழிவறைகளின் எக்ஸாஸ்ட் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்ததை எதிர்பார்க்கவில்லை. மாடிக்கு இரண்டு குடிநீர் குளிர்விப்பான்கள், குடிக்க யாரும் இல்லாத தண்ணீரை இரவெல்லாம் குளிரவைத்துக்கொண்டிருந்தன. தன் திறனில் கால்பங்குகூடச் சுமக்காத பழைய யுபிஎஸ் ஒன்று கை வைக்க முடியாதபடி சூடாக இருந்தது. விடுப்பில் போன யாருடைய அறையிலோ, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏசி ஓடும் சத்தம். சர்வர் இருந்த சிறிய அறையில் இரண்டு ஏசிகளை 18 டிகிரியில் வைத்திருந்தார்கள். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் கணினி என்றால் குளிர், குளிர் என்றால் 18 என்று எல்லா இடத்திலும் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது.

கூட வந்த காவலாளியிடம் கேட்டேன். "இந்த லைட்டோட சுவிட்ச் எங்கண்ணே இருக்கு?"

"அந்த பீரோவுக்குப் பின்னாடி தம்பி. பீரோ வந்த அன்னைக்கே மறைஞ்சுபோச்சு. நான் வேலைக்கு வந்ததிலேர்ந்து அது அணைஞ்சு பார்த்ததில்ல."

பல வருடம் கழித்து ஆர்தர் ரோசன்ஃபெல்டின் கதையைப் படித்தபோது இந்த பீரோதான் நினைவுக்கு வந்தது. 1973 நவம்பர். எண்ணெய்த் தடையால் அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசைகட்டி நின்ற நாட்கள். இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மியிடம் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் துகள் இயற்பியல் ஆராய்ந்துகொண்டிருந்த ரோசன்ஃபெல்ட், ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குக் கிளம்பும்போது தன் மாடியில் ஆளில்லாத 20 அறைகளில் விளக்கு எரிவதைப் பார்க்கிறார். அணைக்கப் போனால் சுவிட்சுகள் கோப்பு அலமாரிகளுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடி அணைக்கிறார். அதன்பின் அவர் துகள் இயற்பியலை விட்டுவிட்டுக் கட்டடங்களின் ஆற்றலை ஆராய்வதற்கே வந்துவிட்டார். 2010இல் அவர் பெயரில் ஓர் அளவையே முன்மொழிந்தார்கள்: ஒரு ரோசன்ஃபெல்ட் என்றால் ஆண்டுக்கு 300 கோடி யூனிட் மிச்சம். 500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டாமல் தவிர்ப்பதற்குச் சமம். இத்தனைக்கும் தொடக்கம், அலமாரிக்குப் பின்னால் மறைந்துபோன ஒரு சுவிட்ச்.

எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாதம் செய்த வேலைகளைக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். குளிர்விப்பான்களுக்கும் எக்ஸாஸ்ட் விசிறிகளுக்கும் டைமர். நடை விளக்குகளின் வயரிங்கைப் பிரித்து, இரவில் மூன்றில் ஒன்று மட்டும் எரியும்படி தனிச் சுற்று; எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்ல முடியாது, இரவில் சுற்றிவரும் மனிதருக்கு வெளிச்சம் வேண்டும். சர்வர் அறையை 25க்கு மாற்றினோம், இரண்டு ஏசிகளில் ஒன்றைக் காத்திருப்பில் வைத்தோம். பீரோவை நகர்த்தினோம். இரவுக் கோடு பாதிக்கும் கீழே இறங்கியது. அதுவரை நான் தயாரித்து வைத்திருந்த பரிந்துரைப் பட்டியலில் இவை எதுவுமே இல்லை. அதில் இருந்ததெல்லாம் வாங்க வேண்டிய பொருட்கள்.

ஏற்கெனவே நிற்கும் ஒரு பொதுக் கட்டடத்தில் குறைந்த செலவில் ஆற்றலை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் வரிசையைப் பொறுத்தது. முதலில் ஓட வேண்டாததை நிறுத்துவது. அடுத்து, ஓட வேண்டியதன் தேவையைக் குறைப்பது. அதற்கெல்லாம் பிறகுதான் புது இயந்திரம். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது. நிதி வந்ததும் முதலில் இயந்திரம் வாங்குகிறார்கள். இயந்திரத்துக்கு விலைப்புள்ளி உண்டு, டெண்டர் விடலாம், திறப்புவிழா வைக்கலாம். பீரோவை நகர்த்துவதற்கு எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது.

தலைகீழாகச் செய்ததற்கு நானே ஒரு சாட்சி. ஒரு பெரிய கட்டடத்தில் சில்லர், அதாவது கட்டடம் முழுவதற்கும் சேர்த்துக் குளிரூட்டும் மைய இயந்திரம், பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். பழையதன் அதே கொள்ளளவில் புதியது வந்தது. மூன்று வருடம் கழித்து விளக்குகளை எல்லாம் எல்இடிக்கு மாற்றினார்கள், மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியே நிழல்தடுப்பு வைத்தார்கள். கட்டடத்தின் குளிர்த்தேவை நன்றாகக் குறைந்தது. ஆனால் சில்லர் அதே பெரிய சில்லர். வருடத்தின் பெரும்பகுதி பாதிக்கும் குறைவான பளுவில், நின்றும் ஓடியும் தவித்துக்கொண்டிருக்கிறது. வரிசையை மாற்றியிருந்தால் சிறிய சில்லர் போதும், விலையும் குறைந்திருக்கும். அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. அதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்த இடம் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். அது தனியார் சொத்து, பொதுக் கட்டடம் அல்ல. ஆனாலும் பாடம் எல்லாருக்கும் பொது. 1931இல் திறந்த கட்டடம். 2009இல் சீரமைப்பைத் தொடங்கியபோது அதன் 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியவில்லை. கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, அதே கண்ணாடிகளுக்கு நடுவில் வெப்பத்தைத் திருப்பும் படலத்தை வைத்து, வாயு நிரப்பி, மறுபடி பொருத்தினார்கள். வெப்பமூட்டும் ரேடியேட்டர்களின் பின்சுவரில் பிரதிபலிக்கும் தடுப்பு வைத்தார்கள். விளக்குகளைத் திருத்தினார்கள். இவற்றால் குளிர்த்தேவை குறைந்துபோனதால், மாற்றியாக வேண்டும் என்றிருந்த சில்லர்களைப் பெரிதாக மாற்றாமல் உள்ளிருக்கும் பாகங்களைப் புதுப்பித்தே சமாளிக்க முடிந்தது. 38 சதவீத ஆற்றல் குறைப்பு அவர்கள் வைத்த இலக்கு. ஜன்னல் வேலையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப வெகுநாள் ஆகும். சில்லரில் மிச்சமான பணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நியாயமாகிறது.

விளக்குக்கும் ஏசிக்கும் உள்ள உறவும் இப்படித்தான். 36 வாட் டியூப்லைட்டும் அதன் பழைய காந்தச் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். எல்இடியில் 20 வாட் போதும். மிச்சம் 25 வாட் என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகிறது, ஏசி அதையும் சேர்த்துத்தான் வெளியேற்ற வேண்டும். மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு ஒரு வாட் செலவு என்று வைத்தால், 25 வாட் மிச்சம் 33 வாட்டுக்கு மேல் ஆகிறது. குளிர்ப்பிரதேசத்தில் இதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். விளக்கு தந்த வெப்பத்தை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டியிருக்கும். எல்லா விளக்கையும் ஒரே மூச்சில் மாற்றுவதும் வீண். நாளெல்லாம் எரியும் வரவேற்பறை விளக்கை முதலில் மாற்றுங்கள். தினம் பத்து நிமிடம் எரியும் பண்டக அறை விளக்கு பழுதாகும்வரை இருக்கட்டும். மின்விசிறிக்கும் இதே விதி: பழையது ஏறத்தாழ 75 வாட், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்தது ஏறத்தாழ 30 வாட், எத்தனை மணி நேரம் சுற்றுகிறது என்பதுதான் அதை மாற்றலாமா என்று சொல்லும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. பம்ப்.

பழைய கட்டடங்களில் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப் எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாகவே இருக்கும். வடிவமைத்தவர் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டியிருப்பார், வாங்கியவர் கொஞ்சம் கூட்டியிருப்பார், கடையில் இருந்தது அதற்கும் அடுத்த அளவாக இருந்திருக்கும். பொருத்திய பிறகு தண்ணீர் அதிகம் வருகிறது என்று வால்வைப் பாதி மூடிவிடுவார்கள். அதன்பின் 20 வருடம் அந்த பம்ப், பாதி மூடிய வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கால் வேகத்தைக் குறைப்பது போல. நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பம்ப் அறையில் முதலில் பார்ப்பது அந்த வால்வின் கைப்பிடியைத்தான்.

சுழலும் விசிறிக்கும் பம்ப்புக்கும் ஒரு இயற்பியல் விதி உண்டு. வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். ஆனால் இழுக்கும் மின்சாரம் மும்மடியில் குறையும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் 0.8ஐ மூன்று முறை பெருக்கிக்கொள்ளுங்கள்: 0.512. ஐந்தில் ஒரு பங்கு ஓட்டத்தை விட்டுக்கொடுத்தால் பாதி மின்சாரம் மிச்சம். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, மோட்டாருக்கு வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றை வைப்பது ஒரு வழி. ஓட்டம் என்றைக்கும் ஒரே அளவுதான் என்றால் பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கிவிடுவது இன்னும் மலிவான வழி. ஒரு எச்சரிக்கை: இந்த மும்மடி விதி சுற்றோட்டத்தில் ஓடும் தண்ணீருக்கும் காற்றுக்கும்தான் இப்படி முழுதாகப் பொருந்தும். கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்பில் உயரத்தைத் தாண்டியே ஆகவேண்டும். அங்கே வேகத்தைக் குறைத்தால் ஓரளவுக்குக் கீழே தண்ணீரே ஏறாது.

கூரைக்கு வருகிறேன். வெயில் கொளுத்தும் இடங்களில் மேல்மாடியில் உட்காருகிறவர்களுக்கு ஏசி போட்டாலும் தலைக்கு மேலே சூடு இறங்குவது தெரியும். புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்த கூரை, தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கருத்துப்போன கூரை 20 சதவீதத்தைத் திருப்பினாலே அதிகம். பூச்சு அழுக்கானால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும். குளிர் மிகுந்த இடங்களில் வெள்ளைப் பூச்சால் பெரிய பயனில்லை, அங்கே தடிமனான வெப்பக்காப்புதான் வேலை செய்யும். எந்த இடமானாலும் இந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பது செலவைத் தீர்மானிக்கிறது. கூரை ஒழுகுகிறது, நீர்க்கசிவைத் தடுக்கும் வேலை நடக்கப்போகிறது என்றால் அதுதான் வேளை. சாரம், கூலி, போக்குவரத்து எல்லாம் அந்தப் பழுதுவேலையின் கணக்கில் வந்துவிடும். காப்புப் பொருளின் விலை மட்டுமே கூடுதல். அதே வேலையைத் தனியாகச் செய்தால் பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும். பொதுக் கட்டடங்களில் கூரைப் பழுது ஒரு கோப்பிலும், ஆற்றல் மேம்பாடு இன்னொரு கோப்பிலும் நகர்வதால், புதிதாக ஒட்டிய நீர்த்தடுப்பு விரிப்பை இரண்டே வருடத்தில் பெயர்த்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

ஜன்னல்களைப் பற்றிச் சுருக்கமாக. முழு ஜன்னலையும் மாற்றுவது இருப்பதிலேயே விலை கூடிய வேலைகளில் ஒன்று; சட்டம் உளுத்துப்போயிருந்தால் ஒழிய முதலில் அதைத் தொட வேண்டாம். இடுக்குகளை அடைப்பது மலிவு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிப்பது நல்லது. உள்ளே திரைச்சீலை போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது.

குளிர்நாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வேறு ஒரு தவறு நடக்கிறது. புகையோடு வெளியேறும் நீராவியின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் புதுவகை பாய்லரை வாங்கிப் பொருத்துவார்கள். அது அந்த வேலையைச் செய்யவேண்டுமானால் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பழைய பழக்கப்படி தண்ணீரை மிகச் சூடாக அனுப்பிக்கொண்டே இருந்தால் அது விலையுயர்ந்த சாதாரண பாய்லர்தான். சூட்டின் அளவைத் திருத்த ஒரு மணி நேர வேலை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி பணம். இதில்தான் நல்ல திட்டங்கள் பல செத்துப்போகின்றன.

பொதுக் கட்டடத்தில் மின்கட்டணத்தை ஒரு தலைப்பிலிருந்து கட்டுவார்கள், இயந்திரம் வாங்கும் பணம் வேறொரு தலைப்பிலிருந்து வரும். கட்டணத்தைக் குறைத்தால் அடுத்த ஆண்டு அந்த ஒதுக்கீட்டையே குறைத்துவிடுவார்கள். உழைத்துச் சேமித்த அலுவலகத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்பில் ஒரு பகுதியாவது அந்தக் கட்டடத்திலேயே தங்கி, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இந்த ஒரு விதியை மாற்றினால், ஆயிரம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற ஒற்றைக் கேள்வி. புரிய எளிதானது, அதனாலேயே எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் அது பணம் திரும்பிய பிறகு நடப்பதைப் பார்ப்பதேயில்லை. விளக்கு மாற்றத்துக்கு 100 செலவு, ஆண்டுக்கு 50 மிச்சம் என்று வைப்போம்: இரண்டு வருடம். கூரைக் காப்புக்கு 300 செலவு, ஆண்டுக்கு 30 மிச்சம்: பத்து வருடம். மூன்று வருடத்துக்குள் திரும்புவதற்கே அனுமதி என்றால் விளக்கு போகும், கூரை நிற்கும். விளக்கு முடிந்தபின் கூரைக்குத் தனியாக யாரும் முன்வர மாட்டார்கள், அது எப்போதும் பத்து வருடத் திட்டமாகவே நிற்கும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் 400 செலவு, 80 மிச்சம், ஐந்து வருடம். கூரையோ அதற்குப் பிறகும் பல வருடம் உழைக்கும். எளிதானதை மட்டும் பறித்துக்கொண்டு போகும் ஒப்பந்தம், மீதியைச் செய்ய முடியாத கட்டடத்தை விட்டுச்செல்கிறது. எளிய வேலைகளை முதலில் செய்யுங்கள் என்று மேலே சொன்ன நானே இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். செய்யும் வரிசை வேறு, பணத்தை ஒதுக்கும் கட்டு வேறு. சுவிட்சை நாளைக்கே சரிசெய்யுங்கள். ஆனால் அதில் மிஞ்சும் பணத்தைக் கூரைக்கென்று இன்றே எழுதி வையுங்கள்.

பெர்லின் நகரம் 1996இல் தொடங்கிய ஆற்றல் சேமிப்புக் கூட்டுத்திட்டம் இந்தக் கட்டு முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியது. நகரத்தின் பொதுக் கட்டடங்களைத் தொகுப்புகளாகச் சேர்த்தார்கள். அதிகம் மிச்சம் தரக்கூடியதும் குறைவாகத் தருவதும் ஒரே தொகுப்பில் வரும். ஒரு நிறுவனம் தன் பணத்தைப் போட்டு வேலையைச் செய்து, உறுதிகூறிய மிச்சத்திலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சொன்ன மிச்சம் வராவிட்டால் இழப்பு நிறுவனத்தின் தலையில். இப்படி 1,300க்கும் மேற்பட்ட கட்டடங்களில் ஆற்றல் செலவு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. தனித்தனியாகப் போயிருந்தால் சிறிய மழலையர் பள்ளிகளைப் பார்க்க எந்த நிறுவனமும் வந்திருக்காது.

அரசுக்கு ஒரு வசதி உண்டு. தன் பள்ளியை, நூலகத்தை, நீதிமன்றத்தை அது ஐந்து வருடத்தில் விற்றுவிட்டுப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கட்டடங்களின் ஆற்றல் மேம்பாட்டுச் செலவைக் கணக்கிட 2012இல் வகுத்த விதிமுறையிலேயே வணிகக் கட்டடங்களுக்கு 20 ஆண்டு, பொதுக் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் 30 ஆண்டு என்று காலத்தை வைத்தார்கள். 30 ஆண்டு வைத்திருக்கப்போகும் உரிமையாளர் மூன்று வருடக் கணக்கோடு முடிவெடுப்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. அதே ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு நெறியாணை, மத்திய அரசுகள் தாங்கள் வைத்துப் பயன்படுத்தும் கட்டடப் பரப்பில் ஆண்டுக்கு 3 சதவீதத்தைச் சீரமைக்க வேண்டும் என்றது. 2023இல் அதை எல்லாப் பொது அமைப்புகளுக்கும் விரித்தார்கள். ஆண்டுக்கு 3 என்றால் ஒரு சுற்று முடிய 33 வருடம். வேகம் போதாது என்று சொல்லலாம், ஆனால் வருடாவருடம் நிற்காமல் நடந்தால் ஒரு தலைமுறைக்குள் எல்லாக் கட்டடமும் முடிந்திருக்கும்.

மிச்சத்தை அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. போன ஆண்டு பில், இந்த ஆண்டு பில் என்று நேராகக் கழித்துப் பார்ப்பது போதாது. இந்த ஆண்டு வெயில் குறைவாக இருந்திருக்கலாம், ஒரு மாடி காலியாகியிருக்கலாம். வானிலையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சரிசெய்துதான் ஒப்பிட வேண்டும். ஒப்பந்தம் போடுகிறவர்கள் இந்த அடிப்படைக் கணக்கு எப்படி வரும் என்ற பக்கத்தைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றன.

சில இடங்களில் பில் குறையக்கூடாது என்றும் நான் நினைக்கிறேன். ஒரு பள்ளியில் விளக்குகளை மாற்றிய பிறகும் மின்செலவு அப்படியே இருக்கிறது என்று கவலையோடு கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். முன்பு வகுப்புகளில் பாதி விளக்குகள் எரியாமலே இருந்திருக்கின்றன, பின்வரிசையில் புத்தகம் படிக்க முடியாத இருட்டு. இப்போது எல்லாம் எரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய வெளிச்சம் இத்தனை நாள் சேராமல் இருந்தது. தலைமையாசிரியையிடம், "டீச்சர், இதை நஷ்டம்னு எழுதாதீங்க" என்றேன். காற்றோட்டமும் அப்படித்தான். மூடிய வகுப்பில் முப்பது பேர் மூச்சுவிட்டால் காற்று கெட்டுத் தூக்கம் வரும். இடுக்குகளை அடைக்கிறோம் என்று வெளிக்காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டு அதை மிச்சம் என்று கணக்குக் காட்டுவது தவறு. மருத்துவமனைகளில் அது ஆபத்து.

ஆட்களை மறந்தால் எந்தக் கருவியும் நிற்காது. ஒரு நூலகத்தில் ஆள் அசைவைப் பார்த்து விளக்கெரிக்கும் சென்சார்கள் வைத்தோம். இரண்டு மாதத்தில் பாதி சென்சார்களின் மேல் ஒட்டுநாடா. அசையாமல் உட்கார்ந்து படிக்கிறவர் தலைக்கு மேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு அணைந்தால் அவர் என்ன செய்வார்? தவறு எங்களுடையது. படிக்கும் மேசைகளிலிருந்து எடுத்து, அலமாரிகளுக்கு இடைப்பட்ட வழிகளில் மாற்றி வைத்தோம். இப்போது நன்றாக வேலை செய்கின்றன. அதேபோல் டைமரை எப்படித் திருத்துவது என்று அங்கே தினமும் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் வந்தால், முதல் மின்தடைக்குப் பிறகு அது தப்பான நேரத்தைக் காட்டும். அடுத்த வாரம் யாராவது அதை நேரடி இணைப்பில் போட்டுவிடுவார்கள்.

அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாகப் போயிருந்தேன். பீரோ காட்டிய அதே காவலாளிதான் வாசலில் இருந்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். நாங்கள் கிளம்பிய அன்று, முடிந்தால் இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் மீட்டரை எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். யாரும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை. பக்கம் பக்கமாக இரண்டு எண்களும், நடுவே கழித்த எண்ணும், எதிரே தேதியும் இருந்தன. ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம்.

"அன்னைக்கு ராத்திரி மட்டும் இருபத்தஞ்சு யூனிட் கூட ஓடியிருந்துச்சு தம்பி. டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மாடியா ஏறிப் பார்த்தேன். எல்லாம் அணைஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம்தான் மொட்டைமாடியில தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுச்சு. மிதவை உடைஞ்சு, தொட்டி நிரம்பியும் பம்ப் நிக்காம ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

காலையில் பிளம்பர் வந்து மிதவையை மாற்றியிருக்கிறார். அடுத்த நாள் வரியில் பழைய எண்ணே திரும்ப வந்திருந்தது.